வெசாக் மலரும் கண்ணாடிக் குடுவையும்: சபரகமுவப் பெருந்தோட்ட வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

அருகிவரும் ஓர்க்கிட் இனங்களை ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பு முறையாற் பெருக்குதல், பொதுவாகத் தாவரவியலாளரின் தொழில்நுட்பச் செய்தியாகவே நோக்கப்படுகின்றது. ஆயின், அவ்வினங்கள் அருகியது ஏன் என வினவுமிடத்து, அவ்வினா நம்மைப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வரலாற்றுக்கு இட்டுச்செல்கின்றது.

சிங்களத்தில் 'வெசாக் மல்' என வழங்கும் ஓர்க்கிட் இலங்கைக்கே உரியது. இரத்தினபுரி உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் மரங்களைப் பற்றி வளர்ந்து, மே மாதத்தை ஒட்டி மலர்வது. 1855இல், பேராதனைப் பூங்காவின் அத்தியட்சராயிருந்த துவைற்ஸ் சூட்டிய 'டென்ட்ரோபியம் மக்கார்த்தியே' என்னும் பெயருடன் இது அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று. அப்பெயர், குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்து 1860இல் தேசாதிபதியான சார்ள்ஸ் மக்கார்த்தியின் மனைவியைக் குறிப்பது. மலருக்குப் பெயரீந்த அவ்வாட்சியே அதன் காட்டையும் விலைப்பொருளாக்கியது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தனியுரிமை நிறுவப்படாத காடுகளை முடிக்குரியனவாகக் கொண்டது. அவை தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தத் தேயிலை பரவியது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரித் தாழ்நிலங்களை இறப்பர் ஆட்கொண்டது. தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் கையில் கோடரி இருந்தது. காட்டை அழிக்கும் முடிவு அவர்களுடையதன்று. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இம்மலர் பாதுகாக்கப்பட்ட தாவரங்களுள் ஒன்று. மலரைப் பறிப்பவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. மலைச்சரிவையே வெளியாக்கியவர் அன்று சட்டத்தின் துணையுடனேயே அதனைச் செய்தனர்.

இனி ஆய்வுகூடத்துக்கு வருவோம். ஓர்க்கிட் வித்து தூசி போன்றது. முளையத்துக்கு உணவூட்டும் வித்தகவிழையம் அதனிடம் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பங்கசே அதற்கு உணவளித்து முளைப்பிக்கின்றது. 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நூட்சன், வெல்லமும் கனியுப்புக்களும் கலந்த ஏகார் ஊடகத்தில், பங்கசின் துணையின்றியே வித்துக்களை முளைப்பித்துக் காட்டினார். 1960இல் பிரெஞ்சு அறிஞர் மொரெல், பிரியிழையத்திலிருந்து ஓர்க்கிட்டைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். பிந்திய முறை வணிகத்துக்கு உகந்தது. ஒரே தாயின் படிகளையே பெருக்குவது. இனத்தைக் காப்பதற்கோ பல தாய்ச்செடிகளின் வித்துக்களே வேண்டும். பரம்பரை வேறுபாடு அவற்றிலேதான் உண்டு.

குடுவையில் வளர்ந்த நாற்றுக்கும் ஈற்றில் மரப்பட்டையும் ஈரக்காற்றும் பங்கசும் மகரந்தம் சேர்க்கும் பூச்சியும் தேவை. அவை தோட்டங்களிடையே எஞ்சிய காட்டுத்துண்டுகளிலும் ஓடைக்கரைகளிலுமே உள. அவற்றின் அருகில் வாழ்வோர் தோட்டத் தொழிலாளர். 1948இல் குடியுரிமை இழந்தவர் அவர்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களும், 1992இல் தோட்ட முகாமை கம்பனிகளுக்கு மாறியமையும் அவர்களைக் காணியுடையோர் ஆக்கவில்லை. குடியிருக்கும் லயத்துக்கே உரிமையற்றவரிடம் காட்டின் காவலை எதிர்பார்ப்பது எங்ஙனம்? நாற்றை உண்டாக்க ஆய்வுகூடம் போதும். அதனை வாழவைக்க நிலவுறவில் மாற்றம் வேண்டும்.