வீட்டுக்கான சிறிய சேமிப்புக் கணினி: பாகங்களைத் தேர்வு செய்வது எப்படி?

கூகுள் ஃபோட்டோஸ் வரம்பில்லாமல் இலவசமாகப் படங்களைச் சேமித்துத் தந்த வசதி 2021 ஜூன் 1ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. இப்போது ஒரு கணக்குக்கு 15 ஜிபி மட்டுமே இலவசம். அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. திருமண வீடியோக்கள், பிள்ளைகளின் படங்கள், சொத்துப் பத்திரங்களின் ஸ்கேன், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவுகள் என ஒரு குடும்பம் இழக்கவே கூடாதவை பல வீடுகளில் ஒரே ஒரு வெளி டிஸ்க்கில் இருக்கின்றன. அது பழுதானால் எல்லாம் போய்விடும்.

இதற்கு ஒரு தீர்வு, வீட்டு வைஃபையுடன் இணைந்து எப்போதும் இயங்கும் சிறிய சேமிப்புக் கணினி. இதை 'நாஸ்' என்பார்கள். சைனாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்களின் தயார்நிலைப் பெட்டிகள் கிடைக்கின்றன. பாகங்களை வாங்கி நாமே சேர்த்துக்கொண்டால், பிற்பாடு எந்தப் பாகம் பழுதானாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் வரிசை முக்கியம். பலர் முதலில் பிராசசரைப் பார்க்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் டிஸ்க்.

எவ்வளவு இடம் தேவை?

இப்போது உங்களிடம் உள்ள கோப்புகளின் மொத்த அளவைப் பாருங்கள். அதைப்போல் மூன்று மடங்கு இடம் இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலை இருக்காது. 4 டெராபைட் என்று விற்கப்படும் டிஸ்க், விண்டோஸ் கணக்கில் சுமார் 3.6 என்றே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாமலிருக்க, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். இரண்டு 8 டெராபைட் டிஸ்க்குகளை ஒன்றின் நகலாக மற்றொன்று என வைத்தால் கிடைப்பது 8 டெராபைட். நான்கு 4 டெராபைட் டிஸ்க்குகளில் ஒன்றின் இழப்பைத் தாங்கும்படி அமைத்தால் 12; இரண்டின் இழப்பைத் தாங்கும்படி அமைத்தால் 8. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு பெரிய டிஸ்க்குகளே போதும். சத்தம், சூடு, மின்செலவு எல்லாம் குறையும்.

ஹார்டு டிஸ்க்

டிஸ்க்கில் தகவல் பதியும் முறை இரண்டு. சிஎம்ஆர் முறையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் முறையில் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; ஓர் இடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டிவரும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு ரெய்டைச் சரிசெய்யும்போது எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் மிகவும் தாமதமாகும், சில நேரம் தோல்வியிலும் முடியும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. அதன் பிறகு சிஎம்ஆர் மாடல்கள் 'ரெட் பிளஸ்' என்ற பெயரில் பிரிக்கப்பட்டன. சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசையும் சிஎம்ஆர்தான். எதை வாங்கினாலும் மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

முடிந்தால் டிஸ்க்குகளை இரண்டு வெவ்வேறு கடைகளில் வாங்குங்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகும் அபாயம் அதனால் குறையும். கோப்புகளை ஏற்றும் முன் 'ஸ்மார்ட்' நீண்ட சோதனையை ஓடவிடுங்கள்.

கேபினெட்

சிறிய கணினிக்கு ஏற்ற மதர்போர்டு அளவு மினி ஐடிஎக்ஸ்; பக்கத்துக்கு 17 செ.மீ. இதற்கென வந்த கேபினெட்டுகளில் ஃபிராக்டல் டிசைன் நோட் 304, 3.5 அங்குல டிஸ்க்குகள் ஆறு பிடிக்கும். வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் பொருந்தும். ஜோன்ஸ்போ என்2 இன்னும் சிறியது, ஐந்து பிடிக்கும். ஆனால் சிறிய எஸ்எஃப்எக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் தேவை. டிஸ்க்குகளின் மேல் நேராகக் காற்று படும்படி மின்விசிறி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நம் ஊர் வெயிலில், பூட்டிய அலமாரிக்குள் இதை வைக்கக் கூடாது.

மதர்போர்டும் பிராசசரும்

கோப்புகளைச் சேமித்து எடுக்க வேகமான பிராசசர் தேவையில்லை. 2023இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர்கள் கொண்டது; அதன் மின்அளவு 6 வாட் மட்டுமே. வீடியோவை மாற்றித் தரும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. பிராசசரை மதர்போர்டிலேயே பதித்து விற்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது சாட்டா இணைப்புகளின் எண்ணிக்கை. இந்த வகை போர்டுகள் பலவற்றில் இரண்டுதான் இருக்கும். கூடுதலாகத் தேவையென்றால் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 சிப் உள்ள போர்டையோ அட்டையையோ தேடுங்கள். ஒரே இணைப்பைப் பலவாகப் பிரித்துத் தரும் மலிவு அட்டைகளைத் தவிருங்கள்.

நெட்வொர்க் வேகம் ஒரு கிகாபிட் என்றால் விநாடிக்குச் சுமார் 110 எம்பி கிடைக்கும். 100 ஜிபியை நகலெடுக்கக் கால் மணி நேரம் ஆகும். 2.5 கிகாபிட் இதைவிட வேகமானது, ஆனால் ரூட்டரும் அதை ஏற்க வேண்டும். கைபேசிப் படங்களுக்கு ஒரு கிகாபிட்டே போதும்.

ரேம்

8 ஜிபி குறைந்தபட்சம். 16 ஜிபி வசதியானது. நினைவகப் பிழைகளைத் தானே திருத்தும் இசிசி ரேம் நல்லதுதான். ஆனால் அதற்குப் பிராசசர், போர்டு இரண்டுமே இடம்தர வேண்டும், செலவு கூடும். வீட்டுக்கு அது கட்டாயமில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும்

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சில நொடிகளுக்கு 20 முதல் 25 வாட் இழுக்கும். பிறகு சில வாட்டுகளுக்கு இறங்கிவிடும். நான்கு டிஸ்க்குகளுக்குத் தரமான 300 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். பெரிய வாட் எண்ணைவிடத் தரச் சான்று முக்கியம். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வார்ப்பு வகை இணைப்பிகள் உள்ளே உருகித் தீப்பிடித்ததுண்டு. அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

மொத்தக் கணினி 35 வாட் எடுத்தால் இரண்டு மாத மின்கட்டணத்தில் சுமார் 50 யூனிட் சேரும். 80 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை இதற்காக ஓடவிட்டால் 115 யூனிட். பழையதை இலவசமாக வைத்துக்கொள்வது போலத் தோன்றினாலும், கட்டணச் சீட்டில் அது தெரியும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெடலாம். யுஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தகவல் தரும் யுபிஎஸ் வாங்கினால், மின்தடை நீளும்போது கணினி தானாகவே முறையாக அணைந்துவிடும்.

மென்பொருளும் மறு பிரதியும்

ட்ரூநாஸ், ஓபன் மீடியா வால்ட் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ், கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்கக்கூடியது. ரெய்டு அமைத்திருந்தால் நல்ல பிரதியிலிருந்து சரிசெய்யவும் செய்யும். ஓபன் மீடியா வால்ட் எளிய கணினிகளிலும் இலகுவாக ஓடும்.

ரெய்டு என்பது மறு பிரதி அல்ல. தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அழியும். திருட்டு, தீ, வெள்ளம், ரான்சம்வேர் எதையும் அது தடுக்காது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில் என்பதே பொதுவான விதி. ஒரு வெளி டிஸ்க்கில் மாதம் ஒருமுறை நகலெடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வைத்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். அந்த நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் அவசியம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணினியின் கடவுச்சொல்லும், படங்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பும் உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கக் கூடாது. ஒரு தாளில் எழுதி, குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, ஒருமுறை அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.