பழந்துணியும் தலைநகரும்

தில்லி நகரின் பழைய குடியிருப்புத் தெருக்களிலே, காலை வேலைகள் ஓய்ந்த நேரத்தில், தலையில் பெரியதொரு மூட்டையும் இடுப்பில் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுமாகப் பெண்கள் சிலர் குரல் கொடுத்துக்கொண்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம். பழைய துணியைப் பெற்றுக்கொண்டு பாத்திரம் தருபவர்கள் அவர்கள். ஊரை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், அக் குரலைக் கேட்டவுடன் நமக்கு நம் ஊர்த் திண்ணை நினைவுக்கு வருகிறது. அங்கும் இதே வாணிகம்; அங்கும் இதே பேரம். ஜரிகை தேய்ந்த பட்டுப் புடவைக்கு ஒரு தூக்குச் சட்டியா, இரண்டு கிண்ணமா என்று நம் அன்னையர் வாதாடியதை நாம் மறக்கவில்லை.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி நம்முடையது. பிறந்த குழந்தையைப் புதுத் துணியிலே கிடத்தாமல், பல முறை துவைத்து மென்மையான பழைய வேட்டியிலே கிடத்தியவர்கள் நாம். பாட்டியின் நூல் புடவையையே தூளியாகக் கட்டி உறங்கவைத்தவர்கள் நாம். பழந்துணி என்பது நம்மிடையே இழிவுக்குரிய சொல்லாக இருந்ததில்லை. எனினும், அதே பழந்துணியைப் பிறர் கொண்டுவந்து நம்முன் எறிந்தால் நம் மனம் கொதிக்கிறது. ஒரே துணி ஓரிடத்தில் உறவாகவும் மற்றோரிடத்தில் அவமதிப்பாகவும் ஆவது எதனால்? தில்லியின் வரலாறு இவ்வினாவிற்கு நல்லதொரு விடை தருகின்றது.

முதலில் மிகப் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். தில்லியைத் தழுவிச் செல்லும் இதே யமுனையின் கரையில், கீழ்த்திசையில், கோசாம்பி என்னும் நகரம் இருந்தது. அந்நாட்டு மன்னனாகிய உதேனனின் அரண்மனைப் பெண்டிர், புத்தரின் சீடரான ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்தனர். இத்தனை ஆடைகளை ஒரு துறவி என்ன செய்வார் என்று மன்னன் ஐயுற்றுக் கேட்டான். ஆடை நைந்துபோன துறவிகளுக்குப் பகிர்ந்தளிப்பேன் என்றார் ஆனந்தர். நைந்தவற்றை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். அதன்பின் தரைவிரிப்பு, கால்மிதி, தூசு துடைக்கும் துணி. கடைசியில் அதையும் கிழித்துக் களிமண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மனநிறைவுற்று மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான் என்று பௌத்தர்களின் விநய நூல் கூறுகின்றது. ஒரு துணிக்கு இத்தனை பிறவிகள் உண்டு என்பதையும், ஒவ்வொரு பிறவியிலும் அதற்கு ஒரு தகுதியான வேலை உண்டு என்பதையும் அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

நம் நாட்டுத் தையல் முறையிலும் இவ்வுணர்வே ஊடாடியிருக்கிறது. வடநாட்டுப் பழைய குர்த்தாவைப் பிரித்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். முன்னும் பின்னும் நேர்த் துண்டுகள். பக்கங்களில் 'கலி' எனப்படும் சாய்வுத் துண்டுகள். அக்குளில் கை தாராளமாக அசைவதற்கென ஒரு சிறு சதுரம். தறியிலிருந்து இறங்கிய துணியை ஏறக்குறைய முழுவதும் பயன்படுத்தும் வெட்டு அது. உடலின் வளைவுக்கேற்பத் துணியைச் சுற்றிச் சுற்றி வெட்டும் மேல்நாட்டு முறையில் கழிவு மிகுதி. நம் முறையில் கத்தரிக்கோலுக்கு வேலை குறைவு. ஊசிக்கு வேலை அதிகம். ஆதலின் சிறு துண்டுகளைக் கொண்டும் முழு ஆடை தைக்க முடிந்தது.

ஊசியின் வேலையை எளிதாக்கிய தையல் இயந்திரத்தைப் பற்றித் தில்லியில் நிகழ்ந்த உரையாடல் ஒன்று நினைவுகூரத்தக்கது. 1924ஆம் ஆண்டில் காந்தியடிகள் இந்நகரில் தங்கியிருந்தபோது, சாந்திநிகேதன மாணவராக இருந்த இராமச்சந்திரன் என்னும் இளைஞர், தாங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கின்றீர்களா என்று வினவினார். அதற்கு அடிகள் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் காட்டினார். தம் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்ட சிங்கர் என்பவர், அன்பு மேலீட்டால் அதனை அமைத்தார் என்றும், மனிதன்மேல் கொண்ட பரிவினால் பிறக்கும் இயந்திரத்திற்குத் தாம் எதிரியல்லர் என்றும் விளக்கினார். அன்று வினா எழுப்பிய அந்த இராமச்சந்திரனே பிற்காலத்தில் டாக்டர் சௌந்திரம் அம்மையாரை மணந்து, 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. தில்லித் துணி ஆலையின் அதிபராக விளங்கிய லாலா ஸ்ரீராம் அவர்களின் ஆதரவில் 'உஷா' தையல் இயந்திரம் உள்நாட்டிலேயே உருவாகி, நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

பின்னர் வந்தது உலகப் போர். ஆலைத் துணியின் பெரும்பகுதி படைகளுக்குச் செல்ல, மக்களுக்குக் கிடைத்தது குறைந்தது, விலையோ ஏறியது. 1943இல் அரசினர் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில், 'இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை' என்ற கருத்தில் அந்நாட்டரசு சிறு நூல் ஒன்றை வெளியிட்டது. அங்கே 1941 முதல் 1949 வரை ஆடைக்குப் பங்கீட்டு முறை நிலவியது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிச் சாளரங்களை மூடுவதற்கென விற்ற கருந்துணிக்குப் பங்கீட்டுச் சீட்டு வேண்டியதில்லை. எனவே அதையே வாங்கி ஆடை தைத்துக்கொண்ட பெண்கள் பலர். திரைச்சீலை உடையாவது ஏதோ சினிமாக் கற்பனை அன்று. தட்டுப்பாடு கற்பித்த பாடம்.

அப் போரைக் காட்டிலும் கொடிய அடி தில்லிக்கு 1947இல் விழுந்தது. பிரிவினையால் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் இந்நகரை வந்தடைந்தனர். 1941இல் சுமார் 9 இலட்சத்து 18 ஆயிரமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, 1951இல் சுமார் 17 இலட்சத்து 44 ஆயிரமாயிற்று. கிங்ஸ்வே முகாமில் கூடாரங்களின் வரிசை நீண்டது. உடுத்திய உடையோடு வந்தவர்கள் பலர். கணவனை இழந்த பெண்கள், வெளியில் சென்று உழைத்துப் பழகாதவர்கள், எழுத்தறிவில்லாதவர்கள் அவர்களிடையே இருந்தனர். அவர்கள் கையில் மிஞ்சியிருந்த ஒரே முதல், ஊசி பிடிக்கத் தெரிந்த விரல்களே.

அந்த முதலை மதிக்கத் தெரிந்தவர்களும் அன்று தில்லியில் இருந்தனர். மறுவாழ்வு அமைச்சகத்தின் மகளிர் பிரிவை இராமேசுவரி நேரு அம்மையார் ஊதியமின்றி ஏற்று நடத்தினார். ஹங்கேரியில் பிறந்து நேரு குடும்பத்தில் மணம்புரிந்த ஃபோரி நேரு, கிட்டி சிவராவ், பிரேம் பேரி ஆகியோர், அகதிப் பெண்கள் தைத்த பொருள்களை விற்பதற்கென்றே அகதிகள் கைவினைக் கடையைத் தொடங்கினர். இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தை 1948இல் அமைத்த கமலாதேவி சட்டோபாத்யாய, நகரின் குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தை 1952இல் அச்சங்கத்தின் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். இவர்கள் எல்லோரும் கைக்கொண்ட நெறி ஒன்றே: துணியை இனாமாகக் கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்ததென்று கருதாமல், ஊசியும் வேலையும் கூலியும் கொடுத்தனர். தான் தைத்ததை ஒருவர் விலை கொடுத்து வாங்கினார் என்ற எண்ணம் ஒரு பெண்ணை எவ்வளவு நிமிர்ந்து நிற்கச் செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிரிவினை மற்றொரு மாற்றத்தையும் விளைத்தது. ஜங் முதலிய மேற்குப் பஞ்சாப் ஊர்களின் நெசவாளர்கள், தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பானிபட்டில் குடியேறிக் கேஸ் என்னும் தடித்த போர்வைகளை நெய்யத் தலைப்பட்டனர். காலப்போக்கில் அவ்வூர் திரைச்சீலை, படுக்கை விரிப்பு முதலிய வீட்டுத் துணிகளின் பெருஞ்சந்தையாயிற்று. 1958இல் குடிசைத் தொழில் நிலையத்திற்கு ஆலோசகராக வந்த ஜான் பிஸல் என்னும் அமெரிக்கர், 1960இல் தில்லியில் ஃபேப்இந்தியாவைத் தொடங்கியதும் இத்தகைய கைத்தறி வீட்டுத் துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பவே. வடக்கே பானிபட் எவ்வாறோ தெற்கே நம் கரூர் அவ்வாறு. பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் நமக்குப் பழக்கமானவை. லஜ்பத் நகர்க் கடையில் திரைச்சீலைத் துணியைத் தடவிப் பார்க்கும்போது, அது கரூர்த் தறியில் பிறந்ததாயிருக்குமோ என்று நாம் எண்ணுவது வீண் ஆசை அன்று.

இவ்வளவு துணி நெய்யும் நாட்டில் மிச்சமும் மிகுதி. மங்கோல்புரியில் 'கத்ரன்' எனப்படும் வெட்டுத் துண்டுகளுக்கென்றே தனிச் சந்தை ஒன்றிருக்கிறது. சரோஜினி நகரிலோ ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகள் குவிகின்றன. அது விநய் நகர் என்ற பெயரோடு இருந்த நாளில் அரசாங்க ஊழியர்களாகிய நம்மவர் குடும்பங்களும் அங்குண்டு. கதர் வேட்டியும் மெல்லிய புடவையுமாக வந்திறங்கிய அக் குடும்பங்களுக்குத் தில்லிப் பனி முதலில் கற்பித்தது ரஜாயின் அருமையை. உள்ளே பஞ்சு வடநாட்டுப் பஞ்சு. மேலுறையோ ஊரிலிருந்து கொணர்ந்த பழஞ்சேலை.

இக்கலையை மீண்டும் பயில விரும்புவோர்க்கு இரண்டொரு குறிப்புகள் போதும். பழைய புடவையில் தேய்வது பெரும்பாலும் குதிகாலைத் தொடும் கரையும், உட்காரும் பகுதியுமே. உள்ளே செருகும் முனையும் முந்தானையும் நெடுநாள் உறுதியாயிருக்கும். திரைச்சீலையில் வெயில் பட்ட முகம் நலிந்திருக்கும். ஆகவே எத்துணியையும் முதலில் வெளிச்சத்தின்முன் பிடித்துப் பார்த்து, நலிந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். பருத்தியாயின் நனைத்துக் காயவைத்த பின்னரே வெட்டுதல் நலம். இன்றேல் தைத்த பின் சுருங்கி வருந்தச் செய்யும். தடித்த துணிக்குப் பதினாறாம் எண் ஊசியும் சற்று நீண்ட தையலும் வேண்டும். முதலில் தலையணை உறை, பை, நாற்காலி மெத்தை உறை. பிறகு நேர் வெட்டான பாவாடை, குழந்தைச் சட்டை. நேர்க்கோடுகள் கைவந்தால் மற்றவை தாமே வரும்.

நாம் பாத்திரத்துக்கு மாற்றிய துணி எங்கே போகிறது? அதை வாங்கிச் செல்லும் பெண்கள் பெரும்பாலும் குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட வாக்ரி சமூகத்தினர். மேற்குத் தில்லியின் ரகுபீர் நகரில் விடியுமுன்னரே கூடும் சந்தைக்கு அவர்கள் மூட்டைகளைக் கொண்டு செல்கின்றனர். அங்கே துணி தரம் பிரிகிறது. உடுத்தத்தக்கது துவைத்துத் தைத்து ஏழைகளின் சந்தைக்கு. முற்றும் நைந்தது தொழிற்கூடங்களில் எண்ணெய் துடைக்க. பட்டும் ஜரிகையும் திண்டுறைகளாகவும் பைகளாகவும் பாவாடைகளாகவும் மாறிச் சுற்றுலாப் பயணிகளிடம். ஒரு கிண்ணத்துக்கு நாம் கொடுத்த காஞ்சிபுரம் பட்டு, ஜன்பத் கடையில் திண்டுறையாக நம்மையே பார்த்துச் சிரிக்கலாம். அதன் விலையில் வீடுவீடாகச் சுமந்து அலைந்த பெண்ணுக்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கு. ஆனந்தர் கூறிய அத்தனை பிறவிகளையும் துணிக்கு இன்று அளிப்பவள் அவளே. அவளிடம் கடுமையாகப் பேரம் பேசுமுன் நாம் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியபோது, நாடெங்குமிருந்து பழைய துணிகள் லாரி லாரியாக வந்து குவிந்தன. வீட்டையும் மக்களையும் இழந்து நின்ற மீனவர் பலர் அவற்றைத் தொட மறுத்தனர். உழைத்து உண்டவர்கள் அவர்கள்; பிறர் கழித்ததை உடுத்த அவர்தம் மானம் இடங்கொடுக்கவில்லை. துணிகள் சாலையோரங்களில் மண்ணில் கிடந்தன. அவற்றைத் திரட்டி, தரம் பிரித்து, பயன்படும் வழிக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டது தில்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு. பழந்துணியை அவ்வமைப்பு இலவசமாக எறிவதில்லை. ஊர்மக்கள் கூடிக் குளம் தூர்வாரினால், பாதை அமைத்தால், அவ்வுழைப்புக்கு ஈடாகத் துணி அளிக்கிறது. பழைய பருத்தியைத் துவைத்துத் தைத்து, மாதவிலக்கு நாள்களில் ஏழைப் பெண்களுக்கு உதவும் அணையாடைகளையும் ஆக்குகிறது. அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

கிங்ஸ்வே முகாமும் நாகப்பட்டினக் கடற்கரையும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. பழந்துணியில் இழிவில்லை, அதைக் கொடுக்கும் முறையில் இழிவு உண்டு. துவைத்து, பழுது பார்த்து, இன்னாருக்கு இது பொருந்தும் என்று எண்ணித் தைத்துக் கொடுத்தால், அது பாட்டியின் தூளியைப் போல் உறவாகிவிடுகிறது. எண்ணாமல் எறிந்தால் குப்பையாகிவிடுகிறது. இடையே நிற்பது ஒரு கையின் உழைப்பே.

மலிவான ஆயத்த ஆடைகள் குவிந்துள்ள இந்நாளில், வீட்டு மூலையில் உறை போர்த்து உறங்கும் தையல் இயந்திரங்கள் தில்லித் தமிழரின் இல்லங்களிலும் பல உண்டு. தாயிடமிருந்து பெற்ற அந்த இயந்திரத்தின் உறையை ஒரு விடுமுறை நாளில் நீக்கி, சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். பெட்டியடியில் கிடக்கும் ஒரு பழஞ்சேலையை எடுத்து, நம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, நேராக ஒரு தையல் ஓட்டுவோம். ஊரை விட்டு வந்த நமக்கு ஊரிலிருந்து கொண்டுவர முடிந்தவை சிலவே. அவற்றுள் இக் கைப்பழக்கமும் ஒன்று. அது நம்மோடு நின்றுவிட வேண்டியதில்லை.