மீளாத வீரரும் அவர் பெயரும்

கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த நாட்டிலும், கல்வராயன் மலைக்கு வடபாலுள்ள செங்கத்துப் பக்கத்திலும் நடுகற்கள் பல நிற்பதை நம் நேயர்கள் அறிவர். சிலவற்றை வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வணங்குவாரும் உளர். செங்கத்துக் கல்லெழுத்துக்களைத் தமிழகத் தொல்பொருள் துறையார் 1972-இல் நூலாக வெளியிட்டனர். பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன் என்பது, அவன் பெயர், ஆநிரையின் பொருட்டுப் பட்ட செய்தி: பெரும்பாலும் இவ்வளவே எழுத்து. ஆயினும் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த ஒரு சாதாரணச் சேவகனின் பெயரை நாம் இன்றும் வாசிக்கின்றோம்.

இதனை நினைக்கச் செய்தது 2024 செப்டம்பர் இறுதியில் வந்த ஒரு செய்தி. 1968 பிப்ரவரி 7-ஆம் தேதி சண்டீகரிலிருந்து லே நகருக்கு 102 பேருடன் சென்ற விமானப்படையின் ஆன்-12 விமானம், வானிலை கெட்டுத் திரும்புகையில், ரோடாங் கணவாயருகே மறைந்தது. 2003-இல் மணாலி மலையேற்றப் பயிற்சி நிலையத்தார் அதன் சிதைவுகளைக் கண்டனர். 2019 வரை கிடைத்த சரீரங்கள் ஐந்தே. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்துப் பனியினின்றும் மேலும் நான்கு கிடைத்தன. அவருள் கேரளத்தைச் சேர்ந்த ஒருவர், புறப்பட்டபோது இருபத்திரண்டு வயதினர். சட்டைப்பையில் எஞ்சிய காகிதமே சிலரை இன்னாரென்று காட்டிற்று. 1984-இல் சியாச்சின் பனிச்சரிவில் மறைந்த மற்றொரு வீரர் 2022 ஆகஸ்டில் கிடைத்தபோதும், படை எண் பொறித்த சிறு உலோகத் தகடுதான் சாட்சி கூறிற்று. முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த மனைவியிடம் அவர் உடல் ஒப்புவிக்கப்பட்டது.

உடல் வாராத இல்லத்தின் துயரம் தனிப்பட்டது. பூவும் பொட்டும் களைவதோ, காத்திருப்பதோ? ஏழாண்டு செய்தியில்லாதாரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடந்தருகின்றது. தருப்பையால் உருச்செய்து எரியூட்டும் சடங்கும் உண்டு. சட்டமும் சடங்கும் முடிந்த பின்னும் வாயிற்கதவு தட்டப்படும்போதெல்லாம் அவ்வீட்டார் திடுக்கிடுவரென்பதில் நமக்கு ஐயமில்லை. 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற ஆன்-32 விமானத்தின் சிதைவுகளை, 2024 ஜனவரியில் சென்னைக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தாரின் கருவி, கரையினின்றும் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்திற் கண்டது. இடம் தெரிந்தது. அவ்வளவே.

முதல் உலக யுத்தத்தில் மாண்டவரைத் தாயகம் கொண்டுவருதல் இல்லையென்று ஆங்கில அரசாங்கத்தார் விதித்தனர். கல்லறை அறியப்படாத இந்தியர் 4,700 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பிரான்சில் நவ் ஷபேல் நினைவிடத்தில் 1927-இல் பொறித்தனர். மெசபொத்தேமியாவில் பாஸ்ரா நினைவிடத்திலோ, ஆங்கில அதிகாரிகளுக்குப் பெயரும், இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கையும் கிடைத்தன. நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் பதித்த யுத்தக் கல்வெட்டுக்களும் அவ்வாறே: இவ்வூரினின்றும் சென்றார் இத்தனைபேர், மாண்டார் இத்தனைபேர் என்பதோடு சரி. பல்லவர் காலத்து ஊரார் மாடு மீட்டவனுக்குச் செய்த மரியாதையை, இருபதாம் நூற்றாண்டுச் சர்க்கார் கடல் கடந்து சென்றவனுக்குச் செய்திலர்!

அப்பெயர்கள் இன்னும் பழைய டிரங்குப் பெட்டிகளிலும், பென்ஷன் காகிதங்களிலும், பாட்டிமாரின் நினைவிலும் உள்ளன. தத்தம் குடும்பத்தில் படைக்குச் சென்று மீளாதவரின் பெயர், ஊர், ரெஜிமெண்டு, படை எண், சென்ற ஆண்டு ஆகியவற்றை நம் சங்கத்தார் எழுதியனுப்புவாராயின், வரும் இதழ்களில் ஒன்றும் விடாது வெளியிடுவோம்.