சொல்லும் செயலும்: பூந்தமல்லி நீதிமன்றமும் உஸ்ஜந்துச் சிறைக்குழியும்

சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லியை வைணவ அன்பர்கள் திருக்கச்சி நம்பிகளின் ஊராக அறிவர். ஆங்கிலேயர் காலத்துப் படைவீடாக வரலாற்று மாணவர்கள் அறிவர். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக நாளேடுகளில் இவ்வூரின் பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் அங்குள்ள தனி நீதிமன்றத்தை ஒட்டியே. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்த தடா நீதிமன்றம் இங்குதான் இயங்கியது. மறு ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்ததோடு, அவ்வழக்குக்குத் தடாச் சட்டமே பொருந்தாது என்றும் கூறியது. பின்னர் வந்த பொடாச் சட்ட வழக்குகளும் இவ்வூருக்கே வந்தன. தேசியப் புலனாய்வு முகமை தொடுக்கும் வழக்குகளும் இங்கு விசாரிக்கப்படுகின்றன. நம் சமுதாயத்து இளைஞர் பலரின் தாய்மார்களுக்குப் பூந்தமல்லிப் பேருந்து எங்கே நிற்கும் என்பது மனப்பாடம்.

இந்நீதிமன்றத்திற்கு வந்த வழக்குகளுள் நாம் இங்கே எடுத்துக்கொள்வது வெடிகுண்டு வழக்கையோ கொலை வழக்கையோ அன்று. ஒரு மேடைப் பேச்சின் வழக்கை.

2002 ஜூன் 29 அன்று மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் மறுமலர்ச்சி தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ அவர்கள், விடுதலைப் புலிகளை முன்பும் ஆதரித்ததாகவும் அன்றும் ஆதரிப்பதாகவும் இனியும் ஆதரிக்கப்போவதாகவும் பேசினார். ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் சென்னை விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். அக்கட்சியினர் எட்டுப் பேரும் உடன் சிறைப்பட்டனர். குற்றச்சாட்டு பொடாச் சட்டத்தின் 21ஆம் பிரிவு: தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு திரட்டுதல், உச்சத் தண்டனை பத்தாண்டுச் சிறை. வேலூர் மத்திய சிறையிலிருந்து பூந்தமல்லிக்கு அழைத்துவரப்படுவதும் மாலையில் திருப்பி அனுப்பப்படுவதுமாக 19 மாதங்கள் கழிந்தன. 2004 பிப்ரவரியில்தான் அவர் பிணையில் வெளியே வந்தார். 2002 ஆகஸ்டில் பழ. நெடுமாறன் அவர்களும், 2003இல் ‘நக்கீரன்’ ஆசிரியர் கோபால் அவர்களும் இதே சட்டத்தில் கைதாயினர். ஊத்தங்கரைப் பகுதியில் பிடிக்கப்பட்ட இடதுசாரித் தீவிரக் குழுவினரான ஆண்களும் பெண்களும் அவ்வாறே பொடாக் கைதிகளாயினர்.

பொடாச் சட்டம் 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அதனைக் கொண்டுவந்த கூட்டணியில் வைகோ அவர்களின் கட்சியும் அங்கம் வகித்து ஆதரித்தது என்பதை அன்றே பலர் ஏளனமாகச் சுட்டிக்காட்டினர். ஏளனத்துக்கு இதில் இடமில்லை. இது பழைய கதை. ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை உலமாக்கள் ஏற்கின்றனரா என்று சோதிக்க ‘மிஹ்னா’ எனும் விசாரணையைத் தொடங்கியபோது, அதற்குப் பின்பலமாய் நின்றவர்கள் பகுத்தறிவுவாதிகளென இன்றும் சிலரால் போற்றப்படும் முஃதஸிலாக்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையிடப்பட்டதும், முஃதஸிம் காலத்தில் சாட்டையடி பட்டதும் நாமெல்லாம் அறிந்தவை. முதவக்கில் ஆட்சிக்கு வந்து அக்கொள்கையைக் கைவிட்டதும், அதே அதிகாரத்தின் வெயில் முஃதஸிலாக்கள்மீது அடிக்கத் தொடங்கிற்று.

நம் வாசகர்களுக்கு வைகோ வழக்கில் வேறொரு சங்கடம் உண்டு. அதனை மறைத்துவிட்டு மேலே செல்வது முறையன்று. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், பிறந்த மண்ணைவிட்டு அவ்வியக்கத்தால் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் இருந்தோருக்குத் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. அந்த இயக்கத்தைப் புகழ்ந்த ஒருவரின் பேச்சுரிமைக்காக நாம் ஏன் வாதாட வேண்டும் என்று அந்நாளில் நம்மவர் பலர் கேட்டனர். ஸஜ்தாவில் கிடந்தவனைச் சுட்டவர்களைப் பாராட்டும் நாவை யார்தாம் விரும்புவர்? ஆனால் இனிக்கும் பேச்சுக்கு எந்த நாட்டிலும் காவல் தேவைப்பட்டதில்லை. கசக்கும் பேச்சில்தான் சட்டம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன செய்தது? மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பிறரும் தொடுத்த வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதிகள் எஸ். இராஜேந்திர பாபு, ஜி.பி. மாத்தூர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. பொடாச் சட்டம் செல்லும் என்றே அமர்வு முடிவுசெய்தது. உரிமை இயக்கத்தாருக்கு அது பெருத்த ஏமாற்றம். எனினும் அதே தீர்ப்பில் ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் அல்லது அதற்குத் துணைபோகும் நோக்கம் இருந்தாலன்றி, வெறும் தார்மிக ஆதரவுச் சொல் 21ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்பதே அது. வைகோ அவர்கள் பிணையில் வரும் வழி இதன்பின்னரே திறந்தது.

இத்தீர்ப்பைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது ஹனஃபீ ஃபிக்ஹின் பெருநூலான ‘மப்ஸூத்’. அதன் ஆசிரியர் ஷம்ஸுல் அஇம்மா ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டினர். குராஸானின் ஸரக்ஸ் நகரத்தவர். புகாராவில் இமாம் ஹல்வானீயிடம் பயின்றவர். மாவராஉன் நஹ்ரை ஆண்ட கரகானியரின் காலத்தில், ஃபர்கானாப் பள்ளத்தாக்கின் உஸ்ஜந்து நகரில் (இன்றைய கிர்கிஸ்தானில் உள்ளது) அவர்கள் சிறையிடப்பட்டார்கள். சிறை என்றால் கட்டடமன்று. பூமிக்குள் தோண்டப்பட்ட ஒரு குழி என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். மாணவர்கள் மேலே விளிம்பில் அமர்ந்து எழுத, இமாம் அவர்கள் கையில் நூலொன்றும் இன்றி நினைவிலிருந்தே கீழிருந்து சொல்லிச் சென்றார்கள். அதுவே பிற்காலத்தில் கெய்ரோவில் 30 பாகங்களாக அச்சேறிய மப்ஸூத். நூலின் சில இயல்களின் முடிவில் தம் சிறைவாசத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, விடுதலைக்கு துஆச் செய்கிறார்கள். எதற்காகச் சிறை? ஆட்சியாளரின் திருமணம் பற்றிய ஃபத்வா ஒன்றைக் காரணமாகச் சொல்வாரும் உண்டு. காரணம் பலவாறு கூறப்படுகிறது. இமாம் அவர்களோ நன்மை நாடிச் சொன்ன ஒரு சொல்லுக்காக என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த நூலின் பத்தாம் பாகத்தில், கிதாபுஸ் ஸியரில், கவாரிஜ்கள் பற்றிய பாடம் வருகிறது. ஒரு சொல்லுக்காகக் குழியில் கிடப்பவர், ஆட்சியாளருக்கு எதிராகச் சொல்லப்படும் சொல் பற்றிய சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதை மனத்தில் இருத்தி அதனைப் படிக்க வேண்டும். கஸீர் அல்ஹள்ரமீ என்பார் கூஃபாப் பள்ளிவாசலுக்குள் கிந்தா வாயில்வழியாக நுழைகிறார். அங்கே ஐந்து பேர் அமீருல் முஃமினீன் அலீ (ரலி) அவர்களை ஏசிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவன், அலீயைக் கொல்வேன் என்று அல்லாஹ்வின்மீது வாக்குறுதி எடுக்கிறான். கஸீர் அவனைப் பிடித்துக் கலீஃபாவின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அலீ (ரலி) அவர்கள் அவனை விட்டுவிடச் சொல்கிறார்கள். கொல்வதாகச் சபதம் செய்தவனை விடுவதா என்று கஸீர் திகைக்க, என்னை இன்னும் கொல்லாதவனை நான் கொல்வதா என்பது கலீஃபாவின் மறுகேள்வியாக அமைகிறது. உங்களை ஏசவும் செய்தானே என்றதற்கு, வேண்டுமானால் நீர் அவனைத் திருப்பி ஏசும், இல்லையேல் விட்டுவிடும் என்னும் பொருளில் விடை வருகிறது.

இந்நிகழ்ச்சியிலிருந்து ஸரக்ஸீ (ரஹ்) சட்டம் எடுக்கிறார்கள். கிளர்ச்சி வெளிப்படாதவரைக் கொல்ல இமாமுக்கு உரிமை இல்லை; கிளர்ச்சிக்கு ‘அஸ்ம்’, அதாவது உறுதியான தீர்மானம், செய்யாதவரை அவர்களிடம் தலையிடவும் கூடாது. அத்தீர்மானம் தெரியவந்தால், நிலைமை முற்றும் முன் அவர்களைப் பிடித்து அடைக்கலாம். பேசுவோரைப் பேசவிடு என்னும் எல்லையற்ற தாராளம் அன்று இது. நாட்டின் பாதுகாப்பை இமாம் அவர்கள் மறக்கவில்லை. ஆனால் கோட்டைப் போட்ட இடத்தைக் கவனியுங்கள். நாவுக்கும் கைக்கும் இடையே அஸ்ம் நிற்கிறது. 2003 டிசம்பரில் தில்லியில் இரு நீதிபதிகள் நோக்கம் என்ற சொல்லால் தொட்டதும் ஏறத்தாழ அதே இடம்.

பலரும் மேடைகளில் உமர் (ரலி) அவர்களை இடைமறித்துக் கேட்டவர்களின் வரலாறுகளை விரும்பிச் சொல்வர். கேட்டவரின் துணிவு மெச்சப்படும். கேட்கவிட்ட ஆட்சியின் சட்டம் என்னவாக இருந்தது என்பது பேசப்படுவதில்லை. கூஃபா நிகழ்ச்சியோ சட்டமாகவே எழுதப்பட்டது. நம் குத்பாக்களில் இது ஏன் அரிதாகவே ஒலிக்கிறதோ!

சென்னை மாநிலத்துக்கு இக்கேள்வி பொடாவோடு வந்ததன்று. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி வார இதழ் தன் எல்லைக்குள் நுழையலாகாது என்று சென்னை அரசு விதித்த தடையை, 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். நீதிபதி ஃபஸ்ல் அலீ மாறுபட்டார். மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைப் பேச்சுரிமைக்கு ஒரு வரம்பாகச் சேர்த்துவிட்டது. பூந்தமல்லிக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்பதே இலட்சியம் என்று தீர்மானம் செய்தது. சமுதாயத்தை அடியோடு மாற்றுவோம் என்னும் பேச்சு ஆளுங்கட்சியின் மேடையில் தீர்மானமாயிற்று. அதையே வேறு சிலர் தம் இதழில் எழுதியபோது அது தடைக்குரியதாயிற்று. பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தே சொல்லின் குற்றம் எடைபோடப்பட்டது.

பொடா 2004 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அதன் பல கூறுகள் அவ்வாண்டே சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின; 2008 திருத்தம் பிணையை மிக அரிதாக்கியது; 2019 திருத்தம் இயக்கத்தை மட்டுமன்றித் தனிமனிதரையும் பயங்கரவாதி என்று அறிவிக்க வழிசெய்தது. ஆதரவு அளிக்கும் குற்றத்துக்கு நோக்கம் வேண்டும் என்பது இச்சட்டத்தின் 39ஆம் பிரிவில் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. ஆயினும் நோக்கம் இருந்ததா இல்லையா என்பது விசாரணையின் முடிவில் தெரிவது. பிணை மறுப்போ தொடக்கத்தில் வருவது. இடைப்பட்ட ஆண்டுகளை யார் திருப்பித் தருவர்? பொடாவின்கீழ் அக்ஷர்தாம் வழக்கில் மரண தண்டனை பெற்ற முஃப்தி அப்துல் கையூம் அவர்களை 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது, அவர் பதினோர் ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். இதனைக் காணும் இளைஞன் என்ன கற்றுக்கொள்வான்? பேசாதிருக்கக் கற்றுக்கொள்வான். பள்ளிவாசலில் கூட்டம் நடத்த இடம் கேட்டால், என்ன பேசப்போகிறீர்கள் என்று நிர்வாகிகள் முதலில் கேட்கின்றனர். அவர்களை நாம் குறைகூறவில்லை. அச்சம் காரணமின்றி வந்ததன்று.

ஆயினும் அரசின் அச்சம் ஒன்று, நமக்குள் நாமே விதித்துக்கொண்ட வாய்ப்பூட்டு மற்றொன்று. ‘தாருல் இஸ்லாம்’ ஆசிரியர் பா. தாவூத்ஷா (1885–1969) அவர்கள் திருக்குர்ஆனைத் தமிழில் தர முயன்றதும், ஜும்ஆ குத்பா மக்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று வாதிட்டதும் அக்காலத்தில் பெருங்குற்றங்களாகக் கருதப்பட்டன. காஃபிர் என்னும் ஃபத்வாவும் அவர்மீது பாய்ந்தது. அவரது எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்பதில்லை. ஆனால் இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ வெள்ளிக்கிழமை தமிழில் பயான் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, இதற்காக ஒருவர் மதத்தைவிட்டே நீக்கப்பட்டார் என்றால் நம்பிக்கை வராது. அவர் கேட்ட மாற்றம் நம் வழக்கமாகிவிட்டது. அவரை விலக்கிய சொற்களை மட்டும் எவரும் திரும்பப் பெறவில்லை.

2007இல் தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் அவர்கள் இஸ்லாமும் மதுவும் பற்றி எழுதிய கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அக்கட்டுரையின் வாதம் நமக்கு உடன்பாடானதன்று. கம்ரு ஹராம் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தவறென்றால் மறுப்பு எழுதுவதற்கு நம்மிடம் எத்தனை மதரஸாக்கள், எத்தனை ஆலிம்கள்! கூஃபாவில் கலீஃபா தந்த இரண்டு வழிகளுள் கடுமையானதுகூடச் சொல்லுக்குச் சொல் என்பதோடு நின்றது. நாமோ மறுப்பு எழுதுவதைவிட விலக்கி வைப்பதை எளிதாகக் கண்டோம். குடும்பத்தின் நல்லதுகெட்டதுகளிலிருந்து ஒருவரைத் தள்ளிவைத்தபின், பொடாவைக் கண்டித்து நாம் தீர்மானம் போட்டால் அதற்கு என்ன மதிப்பு இருக்கும்? அவர் 2017இல் மறைந்தார்.

ஸரக்ஸீ (ரஹ்) ஹிஜ்ரி 480இல் விடுதலையாகி மர்கீனான் நகரில் தங்கி, சிறையில் தொடங்கிய ‘ஷர்ஹுஸ் ஸியரில் கபீர்’ நூலை அங்கே நிறைவு செய்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப்பின் அதே மர்கீனானைச் சேர்ந்த இமாம் புர்ஹானுத்தீன் (ரஹ்) எழுதிய ‘ஹிதாயா’வே நம் அரபிக் கல்லூரிகளின் பாடநூல். அதில் ‘பாபுல் புகாத்’ என்னும் பாடம், கிளர்ச்சியாளருடன் போர் தொடுப்பதற்குமுன் அவர்களை அழைத்துப் பேசி அவர்களுடைய ஐயத்தை நீக்க வேண்டும் என்று தொடங்குகிறது. ஹரூராவாசிகளிடம் அலீ (ரலி) அவ்வாறே செய்தார்கள் என்பதே சான்று. இரண்டாம் பாகத்தின் பிற்பகுதியில் இரண்டு மூன்று பக்கங்களே கொண்ட பாடம் அது. ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் வருவதால், பெரும்பாலும் ஒரே அமர்வில் இபாரத்தை மட்டும் வாசித்துக் கடந்துவிடுகிறோம்.