இன்றேல், ஏன்?



பாராளுமன்ற விவாதங்களின் அதிகார அறிக்கையை நாம் ஹன்சாட் என்று அழைக்கிறோம். லண்டனில் அவ்வறிக்கையை அச்சிட்டு வந்த ஒரு குடும்பத்தின் பெயரே நூலுக்கும் பெயராகி, கடல் கடந்து நம்மிடமும் வந்துவிட்டது. அதன் எந்தப் பகுதியைப் புரட்டினாலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அச்சிடப்பட்ட வினாக்களைக் காணலாம். ஓர் உறுப்பினர் ஓர் அமைச்சரைக் கேட்கிறார். (அ) இன்ன ஊரின் பாலம் நெடுங்காலமாகத் திருத்தப்படாதிருப்பதை அவர் அறிவாரா? (ஆ) அது எப்போது திருத்தப்படும் என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? இவ்வாறு எழுத்து வரிசையில் நடந்து சென்று, பொருள் எதுவாயினும், இறுதியில் இரண்டே சொற்களில் வந்து நிற்கும்: "இன்றேல், ஏன்?"

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் நம் கரையோரத்துக்கு இவ்விரு சொற்களும் எவ்வழியாக வந்தன, வந்தபின் என்ன செய்தன என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கரவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரை எனப் பற்றுகளாகப் பிரிந்து மட்டக்களப்பு மாவட்டத்தோடு இணைந்திருந்த அந்நாளில், நம் முன்னோர்க்கு அரசாங்கத்தோடு பேசும் வழி ஒன்றுதான் இருந்தது. அது 'பெட்டிசம்'. வாய்க்கால் தூர்ந்துவிட்டதென்றோ, காணிக்கு உறுதி இல்லையென்றோ, ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காசு கொடுத்து எழுதுவித்து, ஏசண்டுத் துரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பெட்டிசத்துக்கு மறுமொழி வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் ஏனென்று கேட்பதற்கு அதில் இடமில்லை. இரப்பவன் நன்கொடையாளனிடம் கணக்குக் கேட்க முடியுமா?

வினாவின் பிறப்போ வேறு. இற்றைக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் தென்கடல் கம்பெனி முறிந்து, பல்லாயிரம் பேர் பணமிழந்தனர். அக்கம்பெனியின் காசாளர் நைற் என்பவர் நாட்டை விட்டு ஓடிவிட்டார். 1721 பெப்ரவரியில் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு எழுந்து, அம்மனிதர் பிரசெல்சு நகரில் பிடிபட்டாரென்ற செய்தி மெய்தானா என்று அரசாங்கத்தைக் கேட்டார். சண்டர்லாந்துப் பிரபு விடையிறுத்தார். வரலாற்றில் பதிவான முதலாவது பாராளுமன்ற வினா அதுவே என்பர். ஆகவே இவ்வழக்கம் பிறந்ததே மக்களின் பணம் எங்கே போயிற்று என்று கேட்பதற்காகத்தான். 1835இல் பொதுச் சபையில் வினாக்களை முன்னறிவித்தலாக அச்சிடும் வழக்கம் வந்தது. வினாக்கள் பெருகி நேரம் போதாமற்போகவே, 1902இல் எழுத்து மூலம் விடை பெறும் முறையும் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் 1892 ஆம் ஆண்டின் சட்டமே சபை உறுப்பினர்க்கு வினாவும் உரிமையை வழங்கிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவ்வுரிமையை முதலிற் பயன்படுத்தியவர் பிங்கா என்னும் இடத்தின் அரசர். அவர் கேட்டதோ படையைப் பற்றியும் அன்று, வரியைப் பற்றியும் அன்று. அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது அவர்களுக்குப் பண்டங்கள் கொடுக்க வேண்டியிருந்த கிராமத்துக் கடைக்காரர் படும் துன்பத்தைப் பற்றியது அவ்வினா. அரசரொருவர் கேட்ட முதல் வினா கடைக்காரனுக்காக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கொரு மகிழ்ச்சி உண்டாகும்.

இலங்கையில் 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தபோது உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர் இருந்தனர். ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் 1889 வரை இல்லை. ஐம்பத்தாறு ஆண்டுகள்! அவ்வாசனத்தில் முதன்முதல் அமர்ந்த எம். சி. அப்துல் ரகுமான் நியமனம் பெற்றவரேயன்றி, நம்மவர் வாக்களித்து அனுப்பியவர் அல்லர்.

1924 ஆம் ஆண்டுச் சபையில் நிலைமை தலைகீழாயிற்று. நாற்பத்தொன்பது உறுப்பினருள் முப்பத்தெழுவர் உத்தியோகப்பற்றற்றவர். அவர்கள் திணைக்களத் தலைவர்களை நிதிக் குழுவின் முன் நிறுத்திக் குடைந்து குடைந்து கேட்டனர். ஆனால் ஆட்சியை நடத்தும் பொறுப்பு அவர்களிடம் இல்லை. அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருப்பதை டொனமூர் ஆணைக்குழு தன் அறிக்கையிற் கண்டித்தது. பின்பு 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபை வந்தது. அதனுள் ஏழு நிர்வாகக் குழுக்களும், குழுவுக்கொரு தலைவராக அமைச்சர்களும் வந்தனர். வயலில் நாற்று நட்ட பெண்ணும் கரைவலை இழுத்த ஆணும் கொழும்பில் ஒருவரைக் கேள்வி கேட்க வைக்கும் தகுதியை அன்றுதான் பெற்றார்கள்.

அவ்வாண்டில் மட்டக்களப்புத் தெற்கு மக்கள் தெரிவுசெய்தவர் இரத்தின வணிகரான மாகான் மாக்கார் அவர்கள். தெரிவானதும் அவர் போக்குவரத்து, வேலைகள் அமைச்சரானார். நம் பாதைகளைப் பற்றிக் கேட்க வேண்டியவரே பாதைகளைப் பற்றி விடையளிக்க வேண்டியவராகிவிட்டார். இது தற்செயலாக ஒருமுறை நிகழ்ந்ததன்று. 1977இல் கல்முனைக்குத் தெரிவான ஏ. ஆர். மன்சூர் அவர்கள் பின்னர் வர்த்தக, கப்பற்றுறை அமைச்சரானார். எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் 1989இல் எதிர்க்கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்து, 1994இல் துறைமுக அமைச்சரானார். இவர்களால் நமக்குப் பயன் விளையவில்லை என்று நான் சொல்லவில்லை. 1995இல் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரி, பின்னர்த் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்து ஒலுவிலில் இன்றும் நிற்கிறது. ஆயினும் அமைச்சர் வினாத் தொடுப்பதில்லை. நம் பகுதியில் ஒருவர் தெரிவானால், "அமைச்சுக் கிடைக்குமா?" என்றே கடைத்தெருவிற் கேட்கிறோம். "ஆண்டுக்கு எத்தனை வினாக் கேட்பார்?" என்று கேட்டவரை நான் கண்டதில்லை. கொடுப்பவரை விரும்புகிறோம்; கேட்பவரை மதிக்க இன்னும் பழகவில்லை.

கேட்பவரின் வலிமை எத்தகையது என்பதற்கு அண்டை நாட்டு நிகழ்ச்சியொன்றைக் கூறுகிறேன். 1957இல் இந்திய மக்களவையில், அரசாங்கத்துக்குரிய ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்திரா என்ற வணிகரின் கம்பெனிகளில் ஏன் பங்குகள் வாங்கியது என்று வினா எழுந்தது. முதலிற் கிடைத்த விடை வழுக்கலாயிருந்தது. விடவில்லை. வினாவின் மேல் வினா வந்தது. பிரதமரின் மருமகனான பெரோஸ் காந்தியே ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழுந்து கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பெப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். அவர் சென்னைத் தமிழர், ஆற்றல் மிக்கவர். அத்தகையவரையும் அச்சிட்ட சில வரிகள் அசைத்துவிட்டன.

நம் கரையோரத்து வினாக்கள் அமைச்சர்களை வீழ்த்துவன அல்ல. பாலம், மருந்து, ஆசிரியர், மணல், காணி என்பனவே அவற்றின் பொருள். அத்தகைய வினாவொன்று செல்லும் வழி அறியத்தக்கது. வினா வாதமாக இருத்தலாகாது, அபிப்பிராயம் கேட்டலாகாது, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பொருளைத் தொடலாகாது. இச்சல்லடையைக் கடந்த வினா, ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி, அமைச்சுக்குப் போகிறது. அமைச்சு திணைக்களத்தைக் கேட்கிறது. திணைக்களம் மாவட்டத்தைக் கேட்கிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது முதல் நம் கடதாசிகள் அம்பாறை வழியாக இறங்குகின்றன. மாவட்டம் பிரதேசத்தைக் கேட்க, பிரதேசம் கிராம சேவகரையோ அதிபரையோ கேட்கிறது. பிறகு அதே படிகளில் விடை ஏறுகிறது. இதற்கிடையில் அமைச்சர் தவணை கேட்பதும் உண்டு. பாராளுமன்றம் கலைக்கப்பட்டாலோ, விடை பெறாத வினாக்கள் அத்தோடு மடிந்துவிடும்.

ஆகவே சபையில் அமைச்சர் வாசிக்கும் விடையின் முதல் வரி எழுதப்படுவது கொழும்பில் அன்று. நம்மூரில், நம் மேசையில். இதை நான் அறிந்துகொண்டது என் சொந்தத் தவறு ஒன்றினால்.

2004 டிசெம்பர் 26இல் கடல் நம் கரையில் ஏறியதை யாரும் மறக்கவில்லை. நாட்டிலேயே பேரிழப்பு அம்பாறை மாவட்டத்துக்குத்தான்; பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பின் சில ஆண்டுகள் நான் கடலோரத்துச் சிறு பாடசாலையொன்றில் பொறுப்பாசிரியனாக இருந்தேன். எஞ்சி நின்ற வகுப்பறைகள் ஐந்து. தகரத்தால் அமைத்த தற்காலிகக் கொட்டில்கள் ஆறு. வெயில் ஏறியதும் அவற்றினுள் பிள்ளைகள் கரும்பலகையை விட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பாராளுமன்ற வினா, மிக அவசரம், இன்றே அனுப்புக என்றிருந்தது. கூடவே ஓர் அட்டவணை. அதில் 'பயன்பாட்டிலுள்ள வகுப்பறைகள்' என்று ஒரு நிரல். கொட்டில்களும் பயன்பாட்டில்தானே இருந்தன? பதினொன்று என எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதியதில் பொய் இல்லை.

பல மாதங்களின் பின், எங்கள் மாணவனொருவனின் தந்தை பாடசாலைக்கு வந்தார். சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். கையில் ஹன்சாட் பக்கமொன்றின் பிரதி இருந்தது. கரையோரப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் போதிய வகுப்பறைகள் உண்டா, இன்றேல், ஏன் என்பது வினா. (அ) ஆம். (ஆ) எழவில்லை. இவ்வளவே விடை. இணைப்பில் எங்கள் பாடசாலைக்கு நேரே பதினொன்று.

"சேர், இதுல பதினொண்டு எண்டு போட்டிருக்கே. தகரக் கொட்டிலையும் சேத்தா எண்ணின நீங்க?" என்று கேட்டார்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எங்கோ ஓர் உறுப்பினர் நம் பிள்ளைகளுக்காக எழுப்பிய 'இன்றேல், ஏன்?' என்பதை அடைத்துவிட்டது என் கையெழுத்து. விடை 'ஆம்' என்றான பின் 'ஏன்' எழுவதற்கு இடமேது? அக்கொட்டில்களில் மேலும் இரண்டு வெயிற்காலம் பிள்ளைகள் படித்தார்கள்.

இலக்கங்களில் மட்டுமன்றி, வினாவை யாருக்குத் தொடுப்பது என்பதிலும் இடர்ப்பாடு உண்டு. ஒலுவில் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. நம் கரையோரமாகக் கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்வது. அலைதாங்கிகள் குறுக்கே நீண்டதும் மணல் தடைப்பட்டது. துறைமுக வாயிலில் மணல் நிரம்பிற்று. வடக்கே கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு சரிந்தன. வள்ளம் இழுத்து வைக்க இடமில்லாது போயிற்று. இப்போது கேளுங்கள்: துறைமுகம் ஓர் அமைச்சு; மீன்பிடி வேறோர் அமைச்சு; கரையோரம் பேணுவது பிறிதொரு திணைக்களம்; காணிக்கு நட்டஈடு இன்னொரு மேசை. கடலுக்கு இப்பிரிவுகள் தெரியா. துறைமுக அமைச்சரிடம் கரையைப் பற்றிக் கேட்டால், அது தமக்குரியதன்று என்று விதிப்படி சொல்லிவிடலாம். இதனாலேயே, அனுபவமுள்ள உறுப்பினர்கள் ஒரே பொருளைப் பல வினாக்களாக வெட்டி, பல அமைச்சர்களுக்கு ஒரே வாரத்தில் அனுப்பி, வரும் விடைகளை அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு விடைகள் முரண்படும் இடத்தில்தான் உண்மை ஒளிந்திருக்கும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அடுத்த ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இன்று உறுப்பினரை எதிர்பாராமல் எந்தக் குடிமகனும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாள்களுக்குள் தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால் காரணம் கூறல் வேண்டும். பெட்டிசம் எழுதிய நம் பாட்டன்மார் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். மறுப்புக்குக் காரணம் கூறல் என்பது வேறென்ன? அதே 'இன்றேல், ஏன்?' தான். ஹன்சாட்டிலிருந்து இறங்கி, பிரதேச செயலகத்தின் மேசைக்கு வந்திருக்கிறது.

இப்போதும் என் மேசைக்கு 'மிக அவசரம்' என்ற கடிதங்கள் வருகின்றன. அட்டவணையை நிரப்புகிறேன். அதனோடு வெள்ளைத் தாளொன்றை இணைத்து, எத்தனை அறைக்குச் சுவர் உண்டு, எத்தனை அறைக்குக் கூரை ஒழுகும், எந்த ஆய்வுகூடத்தில் நீர்க்குழாய் இல்லை என்று எழுதி அனுப்புகிறேன். அத்தாள் எந்தப் படி வரை ஏறுகிறதென்று அறிய, விடை வெளிவரும் நாளில் ஹன்சாட்டை எடுத்து இணைப்புகளைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. இதுவரை ஒருமுறை மட்டும், ஒழுகும் கூரையைக் குறித்த ஒரு வரி, இலக்கம் மாறாமல் அங்கே இருந்தது.