நாலு நொடி ஆச்சி

தளவாய்புரத்தில் எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு வீடியோ கேசட் கிடக்கிறது. 1992இல் நடந்த அத்தை கல்யாணம். மூன்று மணி நேரம் ஓடும். தாலி கட்டும் இடத்தில் திரை நாலாகப் பிரியும். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம் சுற்றிச் சுற்றி வரும். பின்னணியில் இளையராஜா.

நான் சின்னப் பையனாக இருந்தபோது டெக் வாடகைக்கு எடுத்து வந்து அதைப் போட்டுப் பார்ப்போம். யாரும் தாலி கட்டுவதைப் பார்க்க உட்காரவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது. பந்தி முடிந்து மண்டபத்தின் பின்பக்கம் வீடியோக்காரர் கேமராவைத் திருப்பும் ஒரு இடம் உண்டு. அங்கே ஆச்சி ஒரு தூக்குவாளியோடு குறுக்கே நடந்து போவாள். கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நாலு நொடி. "ஏ, நிறுத்து நிறுத்து, அம்மா வாராங்க" என்பார் அப்பா. திரும்ப ஓட்டுவோம். மறுபடியும் ஆச்சி வருவாள். 1995இல் அவள் இறந்துபோனாள். அவள் நடந்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த நாலு நொடிதான்.

இந்தக் கேசட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சாலமன் சர் ஜோன்ஸ் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாழ்ந்த பாப்டிஸ்ட் போதகர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் பிள்ளை. 1889இல் ஒக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்தவர். வியாபாரத்திலும் கெட்டிக்காரர். 1923இல் கோடாக் நிறுவனம் 16 எம்.எம். கேமராவை வீட்டு உபயோகத்துக்கு விற்க ஆரம்பித்தது. கேமரா, ப்ரொஜெக்டர், ஸ்டாண்ட், திரை எல்லாம் சேர்த்து 335 டாலர். அந்தக் காசுக்கு அன்றைக்கு ஒரு ஃபோர்டு காரே வாங்கிவிடலாம். பணக்கார வெள்ளையர் வீட்டு விளையாட்டுச் சாமான் என்று நினைக்கப்பட்ட அதை ஜோன்ஸ் கையில் எடுத்தார். 1924இலிருந்து 1928வரை அவர் எடுத்தவற்றில் 29 படங்கள் இன்று யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஒலி கிடையாது.

அதில் என்ன இருக்கிறது? தேவாலயத்திலிருந்து ஜனங்கள் வரிசையாக வெளியே வருகிறார்கள். ஆற்றில் ஞானஸ்நானம் நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊர்வலம், சாவு வீடு. கறுப்பினத்தவர் நடத்தும் கடைகள், அவர்களுக்குச் சொந்தமான எண்ணெய்க் கிணறுகள். கதை ஒன்றும் கிடையாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரிக்கும் மனிதர்கள், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எங்கே எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். அந்த ஊர்களில் ஒன்று துல்சா. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில் அந்த நகரத்தின் கிரீன்வுட் பகுதியை வெள்ளைக் கும்பல் எரித்தது. சுமார் 35 தெருப்பகுதிகள் சாம்பலாயின. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். எரிந்த வீடுகளையும் பிணங்களையும் படம்பிடித்து அஞ்சலட்டையாக விற்றவர்கள் இருந்தார்கள். ஜோன்ஸ் கேமராவோடு வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. அதற்குள் அந்த ஜனங்கள் திரும்பக் கட்டியிருந்தார்கள். 1925இல் நாடு முழுவதிலுமிருந்த கறுப்பின வணிகர்களின் மாநாடே அங்கே நடந்தது. அடுத்தவன் எடுத்த படத்தில் அவர்கள் பிணம். தங்கள் ஆள் எடுத்த படத்தில் அவர்கள் கடைக்காரர், வாத்தியார், மணப்பெண்.

நம் பக்கம் இதற்கு நேர்மாறான ஒரு சேகரிப்பு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில், இந்தியாவில் வேலைபார்த்த ஆங்கிலேயக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப் படங்கள் இருக்கின்றன. துரை பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடுவார்கள். சட்டத்தின் ஓரத்தில் நம்மவர்கள் நிற்பார்கள். ஆயா, தோட்டக்காரர், குதிரையைப் பிடித்திருப்பவர். அந்தக் காலத்தில் நாம் அசைந்த விதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இப்படி ஓரத்தில்தான் தேட வேண்டும். நாமே தேடிச் சேர்த்தது இல்லாமல் இல்லை. ஏ.கே.செட்டியார் உலகம் சுற்றி காந்தியின் படச்சுருள்களைத் திரட்டி 1940இல் ஆவணப்படமாகக் கொடுத்தார். ஆனால் அது மகாத்மா. நம் தெருவில் தையல் மிஷின் மிதித்தவர்களை யார் தேடிப்போவார்கள்?

நம் ஊர்களில் ஜோன்ஸ் வேலையைச் செய்தவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள் என்றுதான் நினைக்கிறேன், தெரியாமலேயே செய்திருந்தாலும். அத்தை கேசட்டில் மாப்பிள்ளை அழைப்பு தெருவழியே வரும்போது, திறந்திருக்கும் வாசல்களுக்குள் தையல் மிஷின்கள் தெரிகின்றன. இன்றைக்கு நைட்டி என்றால் தளவாய்புரம் என்கிறார்கள். அந்தத் தொழில் ஒரு தெருவின் திண்ணைகளில் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாத பத்து நொடிகள் அவை. மேற்கே மலை, ஓட்டு வீடுகள், ஒரு டிவிஎஸ் 50. வீடியோக்காரர் மாப்பிள்ளையைத்தான் எடுத்தார். ஊர் தானாக வந்து விழுந்தது.

2016 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஜோன்ஸின் படங்களை தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அதே வருஷம் ஜூலையில்தான், உலகத்திலேயே கடைசியாக வீடியோ டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியது. நாடாக்களில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டிப்பார்க்க மிஷினும் இல்லை.

போன வருஷம் எங்கள் கேசட்டை ராஜபாளையத்தில் ஒரு கடையில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றினேன். சில இடங்கள் புழுதிக்காற்று மாதிரி ஆகிவிட்டன. ஆச்சி தப்பித்தாள்.

ஜோன்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. பல காட்சிகளுக்கு முன்னால் ஊர், தேதி எழுதிய எழுத்துப் பலகையைக் காட்டுவார். நாமும் அப்படிச் செய்யலாமே என்று ஒரு நோட்டோடு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முகமாக நிறுத்தினேன். அத்தை அசராமல் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். இன்னார் மகன், இன்னார் மருமகள், இவர் பம்பாய் போயிட்டார், இவர் செத்துட்டார்.

ஆச்சி நடந்துபோகும் அந்த நாலு நொடியிலும் நிறுத்தினேன். முப்பது வருஷமாக ஆச்சியை மட்டுமே பார்த்திருக்கிறோம். அவளுக்குப் பின்னால், குழாயடியில் இரண்டு பெண்கள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்க்கிறாள்.

"இவங்க யாரு அத்தை?"

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "பாத்திரம் கழுவ வந்தவங்கப்பா."

"பேரு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா?"

கேம்பிரிட்ஜ் படங்களின் ஓரத்தில் நிற்கும் ஆயாவுக்காக அத்தனை கோபப்பட்டவன் நான். நோட்டில் அந்த நேரத்தை எழுதி, எதிரே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஃபோனில் அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு போய், ஊரில் தெருத்தெருவாகக் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டில் யாருக்காவது அது நாலு நொடி அம்மாவாக இருக்கலாம்.