நோக்கமா, எச்சமா? தேடல் வினவல்களில் ‘தகவல்’ என்னும் பகுப்பு

இணையத்தில் இடப்படும் வினவல்களுள் மிகப் பெரும்பாலானவை தகவல் நாடுபவை என்ற முடிவு ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்டது. அதற்கு அடித்தளமாகக் காட்டப்படுவது ஆந்த்ரேய் பிரோடர் 2002இல் வெளியிட்ட வகைப்பாடு. தளம் நாடல், தகவல் நாடல், செயல் நாடல் என்ற அவரது முப்பிரிவை நான் மறுக்கவில்லை. அவரது எண்களை வாசித்துவரும் முறையையே மறுக்கிறேன்.

பிரோடர் தந்தவை இரண்டு அளவீடுகள். 2001இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் பயனர்களிடமே கேட்டபோது தளம் 24.5, தகவல் 39, செயல் 36 விழுக்காடு. அதே தேடுபொறியின் பதிவேட்டிலிருந்து 400 வினவல்களைப் படித்துப் பிரித்தபோது முறையே 20, 48, 30. இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன என்று கொள்வது வழக்கம். எனக்கு அது ஏற்புடையதன்று. முன்னதில் தேடியவர் பேசினார். பின்னதில் அவர் விட்டுச்சென்ற சொற்களை வேறொருவர் படித்தார். தகவலின் பங்கு மட்டும் ஏறுகிறது, மற்ற இரண்டும் இறங்குகின்றன.

காரணம் பிரோடரின் எடுத்துக்காட்டுகளிலேயே கிடைக்கிறது. ‘கார்கள்’ என்ற ஒற்றைச் சொல் வினவலை, மிக அகன்ற தகவல் நாடலுக்குச் சான்றாக அவர் தருகிறார். கார் வாங்க வந்தவரும், கார்ப் படங்களைத் தரவிறக்க வந்தவரும், மோட்டார் தொழில் பற்றிப் படிக்க வந்தவரும் இதே சொல்லை இடக்கூடும். செயலின் தடயம் சொல்லில் இல்லையென்றால் வினவல் தகவலின் கணக்கில் விழுந்துவிடுகிறது. வினவலை மட்டும் கொண்டு நோக்கத்தை அறிவது பெரும்பாலும் ஊகமே என்று பிரோடரே எச்சரித்திருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுவோர் எண்களை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

கருத்துக்கேட்பிலும் குறை உண்டு. தளம் நாடலுக்கான எண் மட்டுமே நேரடி விடையிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் அவரது மதிப்பீடுகள். ஆகவே 39க்கும் 48க்கும் இடையிலான தொலைவை மட்டும் வைத்து நான் வழக்காடவில்லை. 2008இல் ஜான்சன், பூத், ஸ்பிங்க் மூவரும் டாக்பைல் தேடுபொறியின் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வினவல்களைக் கணினி விதிகளால் பிரித்தபோது தகவலின் பங்கு 80 விழுக்காட்டைத் தொட்டது. அவ்விதிகளின்படி, மற்ற இரு வகைகளிலும் சேராத வினவல் தகவலாகவே கொள்ளப்படும். தேடியவரிடமிருந்து அளப்பவர் விலக விலக, இந்தப் பகுப்பு பெருக்கிறது.

தேடுபொறியும் காலமும் வேறு என்பர். உண்மைதான், ஆனால் எச்சத்தைத் தகவல் என்று எண்ணும் விதியை அவ்வேறுபாடு மாற்றிவிடாது. சொடுக்குகளைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதைச் சொடுக்கு காட்டும். எதற்காக என்பதைக் காட்டாது.

80 விழுக்காடு என்பது அவ்விதிகளால் வேறெதிலும் சேர்க்க முடியாதவற்றையும் உள்ளடக்கிய அளவு. அதை மக்களின் நோக்கத்துக்கான அளவாக மேற்கோள் காட்டுவதை நாம் கைவிட வேண்டும்.